மண்ணெண்ணெயை மண் தின்னுமா?

வட அயர்லாந்தின் சிற்றூர் ஒன்றிலிருந்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டைச் சூடாக்குவதற்காகத் தோட்டத்துத் தொட்டியில் நிரப்பி வைத்திருந்த எண்ணெய், அடிப்பகுதிக் குழாய் இணைப்பு வழியே கசிந்து, ஏறத்தாழ 200 லிட்டர் வேலியோர மண்ணுக்குள் இறங்கிவிட்டது. துப்புரவுக்கு வந்தவர்கள் எண்ணெய் ஊறிய மண்ணைத் தோண்டி, தடித்த பிளாஸ்டிக் விரிப்பின் மேல் குவித்து, உரம் கலந்து மூடிவிட்டு, அவ்வப்போது வந்து கிளறிவிடுவதாகவும் மற்றதை மண்ணே பார்த்துக்கொள்ளும் என்றும் சொல்லிப் போனார்களாம். இது அறிவியலா, செலவைக் குறைக்கும் சாக்கா என்பது அவருடைய ஐயம்.

எரிவாயுக் குழாய் எட்டாத அயர்லாந்து ஊர்களில் வீட்டுத் தொட்டிகளில் இருப்பது பெரும்பாலும் மண்ணெண்ணெய்தான். நம் ரேஷன் கடைகளில் நீலச் சாயம் கலந்து அளந்து ஊற்றினார்களே, அதே இனம். கசிந்தவுடன் வால்வை அடைப்பதும், மணலைக் கொட்டி உறிஞ்ச வைப்பதும் எவருக்கும் தோன்றும். தோன்றக் கூடாதது சோப்பு நீரை ஊற்றிக் கழுவுவது. அது எண்ணெயை நுண்துளிகளாக உடைத்து, மண்ணிடுக்கில் ஒட்டி நின்றதையும் சாக்கடைக்கும் கிணற்றுக்கும் அனுப்பிவிடும். அந்த மண்ணின் ஊடே பிளாஸ்டிக் குடிநீர்க் குழாய் போகிறதா என்பதையும் உடனே பார்க்க வேண்டும். குழாயில் ஓட்டை எதுவும் இல்லாவிட்டாலும் மண்ணெண்ணெயின் மூலக்கூறுகள் பாலிஎத்திலீன் சுவரை ஊடுருவி உள்ளே நுழைந்துவிடும்.

இனி அந்தக் குவியலுக்கு வருவோம். மண்ணெண்ணெயில் ஒன்பது முதல் பதினாறு கார்பன் வரை கொண்ட ஹைட்ரோகார்பன்கள் உள்ளன. அவற்றுள் பன்னிரண்டு கார்பன்கள் ஒரே வரிசையாகக் கோத்த டோடெக்கேனை எடுத்துக்கொள்வோம். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட இந்தச் சங்கிலியில் வேதிவினைக்குப் பிடி கொடுக்கும் இடமே இல்லை. சூடோமோனாஸ் போன்ற மண் பாக்டீரியாக்கள் சிலவற்றிடம், இரண்டு இரும்பு அணுக்களைத் தன் நடுவில் வைத்திருக்கும் ஒரு நொதி இருக்கிறது. அது காற்றிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூற்றைப் பிளந்து, ஓர் அணுவை நீராக்கிவிட்டு, மற்றொன்றைச் சங்கிலியின் நுனிக் கார்பனில் செருகிவிடுகிறது. பிடி கிடைத்துவிட்டது. அந்த நுனி இப்போது ஆல்கஹால்; அடுத்தடுத்த நொதிகள் அதை ஆல்டிஹைடாகவும், முடிவில் அமிலமாகவும் மாற்றுகின்றன. அப்படிப் பிறக்கும் பன்னிரண்டு கார்பன் அமிலத்தின் பெயர் லாரிக் அமிலம். தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய பாதி அதுதான்! விளக்கெரிக்கும் எண்ணெயை மூன்றே படியில் சமையல் எண்ணெயின் சரக்காக்கிவிடும் இந்த வித்தையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. அதன்பின் நடப்பது, தேங்காய்ச் சட்னி சாப்பிட்டவர் உடலில் நடப்பதேதான்: சங்கிலி இரண்டிரண்டு கார்பனாக, ஐந்து முறை வெட்டுப்பட்டு, ஆறு துண்டுகளாகி, ஆற்றலாகவும் கரியமில வாயுவாகவும் நீராகவும் முடிகிறது.

அயர்லாந்துத் தோட்டத்துப் பாக்டீரியாவுக்கு இந்தப் பழக்கம் எப்படி வந்தது? இலைகளின் மேல் பூசியிருக்கும் மெழுகிலும் இதே வகைச் சங்கிலிகள், இன்னும் நீளமாக, இருக்கின்றன. இலை உதிர்ந்து மக்கும் இடமெல்லாம் அவற்றைத் தின்னும் உயிர்களும் காலங்காலமாக இருந்து வருகின்றன. ஆகவே "எண்ணெய் தின்னும் நுண்ணுயிர்" என்று புட்டியில் அடைத்து விற்பதை வாங்கி ஊற்றுவது, பெரும்பாலும் குளத்துக்குத் தண்ணீர் சுமக்கும் வேலை. வங்காளத்தில் பிறந்த ஆனந்த சக்கரவர்த்தி ஆய்வகத்தில் உருவாக்கிய எண்ணெய் தின்னும் பாக்டீரியாவுக்குக் காப்புரிமை தரலாம் என்று 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. சட்ட வரலாற்றில் அதற்குப் பெரிய இடம் உண்டு, ஆனால் எண்ணெய்க் கசிவுகளைத் துடைத்த வரலாற்றில் அதற்கு இடமில்லை. ஆய்வு நிதி வழங்குவோருக்கு அதிசய உயிரி மீது இருக்கும் மோகம், மண்குவியலுக்குள் காற்று எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று அளக்கும் சலிப்பூட்டும் வேலை மீது இருப்பதில்லை என்பது என் மனக்குறை.

காற்றுதான் இங்கே தட்டுப்பாடு. ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் முழுவதும் செரிக்க ஏறத்தாழ 2.8 கிலோ ஆக்சிஜன் வேண்டும்; அதைத் தர சுமார் பத்து கன மீட்டர் காற்று தேவை. கிளறுவது அதற்காகத்தான். உரமும் வெறும் சடங்கு அல்ல. எண்ணெயில் நைட்ரஜன் அநேகமாக இல்லை. அதைத் தின்று பெருகும் பாக்டீரியாவுக்கோ புரதம் கட்ட நைட்ரஜன் வேண்டும். நூறு பங்கு கார்பனுக்குப் பத்துப் பங்கு நைட்ரஜன் என்ற வழக்கமான கணக்கில், லிட்டருக்குச் சுமார் 150 கிராம் யூரியா ஆகும். ஒரேயடியாகக் கொட்டினால் உப்புச்செறிவு கூடி நுண்ணுயிர்களே வாடிவிடும் என்பதால் தவணைகளாகவே கலக்க வேண்டும்.

ஆக, வந்தவர்கள் சொன்னது சாக்கு அல்ல. ஆனால் மண்ணின் வெப்பம் ஐந்தாறு டிகிரிக்கு இறங்கும் குளிர்காலத்தில் இந்த வேலை ஏறக்குறைய உறங்கிவிடும்; கிளைத்த, வளைய வடிவ மூலக்கூறுகள் நேர்ச்சங்கிலிகளைவிட மெதுவாகவே சிதையும். வாடை போய்விட்டது என்று யாராவது சொன்னால் வாசகி ஏற்க வேண்டாம். முதலில் மூக்கை விட்டுப் போவது ஆவியாகும் இலேசான பகுதி மட்டுமே. கிளறும்போதெல்லாம் குவியலின் நடுவிலிருந்து மண் மாதிரி எடுத்து, ஆய்வகத்தில் அளந்த எண்ணெய் அளவை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். தோண்ட முடியாதபடி அஸ்திவாரத்துக்கு அடியில் போன எண்ணெயைப் பற்றியும் கேட்க வேண்டும். அங்கே துளையிட்ட குழாய்களை இறக்கி, காற்றை மெல்லச் செலுத்தித்தான் அதே பாக்டீரியாக்களை வேலை வாங்க முடியும்.