முற்காப்பு மருந்து: சொல் விளக்கம்

சென்ற வாரம் வெள்ளவத்தையில் நண்பர் ஒருவரின் மொழிபெயர்ப்புப் படியைத் திருத்தும்போது, 1991 வளைகுடாப் போரில் படையினருக்குக் கொடுக்கப்பட்ட குளிசை ஒரே பக்கத்தில் 'தடுப்பூசி', 'நச்சுமுறி', 'தடுப்பு மருந்து' என மூன்று பெயர் பெற்றிருக்கக் கண்டேன். முதலிரண்டும் பிழை; எப்போது உட்கொள்வது என்று காட்டாததால் மூன்றாவது போதாது. சரியான சொல் 'முற்காப்பு மருந்து'.

மூலச்சொல்லான 'புரொபிலாக்சிஸ்' கிரேக்க வழி வந்தது. 'புரோ' என்றால் முன். 'பைலாக்ஸ்' என்றால் காவலன். உடலின் நிர்ப்பீடனத்தைத் தூண்டுவது தடுப்பூசி. உட்புகுந்த நஞ்சை முறிப்பது நச்சுமுறி. நோயோ நஞ்சோ அணுகுமுன், நலமாக இருப்பவரே உட்கொள்வது முற்காப்பு மருந்து.

அந்தக் குளிசையின் பெயர் பிரிடோஸ்டிக்மின் புரோமைட்டு. மயஸ்தீனியா என்னும் தசைத் தளர்ச்சி நோய்க்கு 1955 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருந்த அதனை, சோமன் என்னும் நரம்பு நஞ்சுக்கு அஞ்சி, எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை 30 மில்லிகிராமாக, ஏறத்தாழ 250,000 அமெரிக்கப் படையினர் விழுங்கினர். சோமன் பற்றினால் மீளாத நொதியத்தின் ஒரு பகுதியை இம்மருந்து முந்திக்கொண்டு தற்காலிகமாகப் பற்றுகிறது. நஞ்சின் வேலையையே சிறிய அளவில் செய்கிறது என்றும் சொல்லலாம். வயிற்றுப் பிடிப்பும் வயிற்றோட்டமும் அதனால்தான் வருகின்றன. நஞ்சு தாக்கியதும் அற்ரோப்பீன் போன்ற நச்சுமுறியும் ஏற்றப்படாவிட்டால் இக்குளிசை மட்டும் உயிரைக் காக்காது.

படையினரின் சம்மதம் பெறாமலே இதனைக் கொடுக்க 1990 டிசெம்பரில் வெளியான இடைக்கால விதி வழிவகுத்தது. சோமனுக்கெதிரான பயன்பாட்டுக்கு முறையான அனுமதி கிடைத்ததோ 2003இல். நாடு திரும்பியவர்கள் பலர் நீங்காத களைப்பு, உடல்வலி, மறதி என்று முறையிட்டபோது, நீண்டகாலப் பாதிப்புக்குச் சான்று போதாது என்றே 2000ஆம் ஆண்டின் மதிப்பீடு கூறியது. 2008இல் அமெரிக்க அரசின் ஆலோசனைக் குழு இம்மருந்தையும் பூச்சிகொல்லிகளையும் காரணங்களாகச் சுட்டியது. மலேரியாவுக்கான மெஃப்ளோகுயினும் இவ்வகையினதே. அதனால் வரும் தலைச்சுற்றும் சமநிலைக் குறைவும் நிரந்தரமாகக்கூடும் என்ற கடும் எச்சரிக்கை 2013இல் அதன் உறையில் சேர்க்கப்பட்டது.

'காப்பு' என்றதும் குழந்தையின் கையில் இடும் காப்பும் கோயிலில் கட்டும் நூலும் நம் மனதில் எழுகின்றன. அவை அணிந்தவருக்குத் தீங்கு செய்யாதவை. மருந்து அப்படியன்று. ஆதலால் 'மருந்து' என்ற இரண்டாம் சொல்லை விட்டு 'முற்காப்பு' என்று மட்டும் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். நாரஹேன்பிட்டியிலுள்ள மலேரியா தடுப்பு இயக்கத்தில், ஆபிரிக்காவுக்கு அமைதிப்படையில் செல்லும் நம் நாட்டுச் சிப்பாய் கையில் வாங்குவதும் முற்காப்பு மருந்துதான். பக்கவிளைவு என்ன என்று அவர் கேட்பதற்கு அந்த இரண்டாம் சொல்லே இடம் வைக்கிறது.