அழுத்த ஹார்மோன் மூளையில் தங்கும் இடம்

ஓர் எலியின் அட்ரீனல் சுரப்பிகளை அகற்றிவிட்டு, அவை சுரக்கும் கார்டிகோஸ்டீரோன் என்ற ஹார்மோனையே கதிரியக்க டிரிட்டியத்தால் அடையாளமிட்டு வெளியிலிருந்து செலுத்தினால், அது மூளையின் எந்தப் பகுதியில் போய்த் தங்கும்? நியூயார்க்கிலுள்ள ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் மெக்யூவன் 1960களின் பிற்பாதியில் எடுத்துக்கொண்ட கேள்வி இது. சுரப்பிகளை அகற்றியதற்குக் காரணம் உண்டு. அவை உடலில் இருந்தால், எலியின் சொந்த ஹார்மோனே, ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதங்களான ஏற்பிகளில் முன்கூட்டியே அமர்ந்துகொண்டு, அடையாளமிட்ட ஹார்மோனுக்கு இடம் தராது.

ஹார்மோன்களை ஆளும் ஹைப்போதலாமஸில்தான் அது தங்கும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் அது ஹிப்போகேம்பஸில்தான் மிகுதியாகத் திரண்டிருந்தது. நினைவுக்கு இன்றியமையாதது என்று அறியப்பட்டிருந்த அப்பகுதிக்கும் அட்ரீனல் ஹார்மோனுக்கும் என்ன உறவு இருக்க முடியும்? ஜே வைஸ், லெஸ்லி ஷ்வார்ட்ஸ் ஆகியோருடன் மெக்யூவன் எழுதி 1968இல் நேச்சர் இதழில் வெளியான சிறு கட்டுரை, அவருடைய அடுத்த ஐம்பது ஆண்டு ஆய்வுக்கும் வித்திட்டது.

தமிழில் மனச்சோர்வு நோயையும் ‘மன அழுத்தம்’ என்றே பலர் எழுதுவதால், ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது. இங்கே பேசப்படுவது நோய் அன்று. நெருக்கடிக்கு உடல் தரும் எதிர்வினை. ஆபத்தை மூளை உணர்ந்ததும், ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. அது சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பிகளைத் தூண்டுகிறது. அவை மனிதரில் கார்டிசாலையும் எலியில் கார்டிகோஸ்டீரோனையும் குருதியில் கலக்கின்றன. கொழுப்பில் கரையும் தன்மையுடையது என்பதால் இந்த ஹார்மோன் குருதியிலிருந்து மூளைக்குள்ளும், நரம்பணுவின் சவ்வைக் கடந்து அதன் உள்ளேயும் புகுந்துவிடுகிறது. அங்கே ஏற்பியுடன் இணைந்து உட்கருவை அடைந்து, சில மரபணுக்களின் செயலைக் கூட்டுகிறது, சிலவற்றைக் குறைக்கிறது. மெக்யூவன் தம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது உயிரணுவின் உட்கருவைத்தான் என்பதால், மூளை ஆய்வுக்கு வந்த பிறகும் அவர் பார்வை அங்கேயே நிலைத்ததில் வியப்பில்லை.

ஏற்பிகள் இரு வகை என்பதை ஹான்ஸ் ரோய்ல், ரான் டி க்ளோயெட் ஆகிய நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1985இல் காட்டினர். ஒரு வகை ஹார்மோனை மிக இறுகப் பற்றுவது. சாதாரண வேளையில் இருக்கும் குறைந்த அளவிலேயே அது பெரும்பாலும் நிரம்பிவிடும். மற்றது ஏறத்தாழ பத்து மடங்கு தளர்வாகப் பற்றுவதால், நெருக்கடியில் ஹார்மோன் பெருகும்போதுதான் நிரம்பும். ஒரே ஹார்மோன் மிதமாக இருக்கையில் நினைவுக்குத் துணைபுரிவதையும், மிகும்போது இடையூறாவதையும் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு பெரிதும் உதவுகிறது.

அதே 1985இல் மெக்யூவனுடைய ஆய்வகத்தில் ராபர்ட் சபோல்ஸ்கி செய்த ஆய்வில், நீண்ட காலம் கார்டிகோஸ்டீரோன் செலுத்தப்பட்ட எலிகளின் ஹிப்போகேம்பஸில் நரம்பணுக்கள் குறைந்திருந்தன. ‘கவலை மூளையைக் கொல்லும்’ என்ற பரபரப்புப் பேச்சுக்கு இத்தகைய முடிவுகளே தீனி. ஆனால் அதைவிட ஆழமானது அதற்குப் பிறகு வந்த செய்தி என்பது என் எண்ணம். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் என 21 நாட்கள் அசையவிடாமல் வைக்கப்பட்ட எலிகளின் மூளைச் சீவல்களுக்குச் சாயமேற்றிப் பார்த்தபோது, ஹிப்போகேம்பஸின் சிஏ3 பகுதியில் நரம்பணுக்கள் சாகவில்லை. அவற்றின் கிளைகள் மட்டும் குட்டையாகி, கிளைப்பிரிவுகளும் குறைந்திருந்தன. வதனாபே, எலிசபெத் கூல்ட் ஆகியோருடன் மெக்யூவன் இதை 1992இல் வெளியிட்டார். அழுத்தம் நின்றால் அக்கிளைகள் மீண்டும் நீள்வதும் பின்னர் தெரியவந்தது. ஆகவே இதை அழிவு என்று சொல்வதைவிட, மூளை தன்னைத் தற்காலிகமாகத் திருத்தி அமைத்துக்கொள்கிறது என்று கொள்வதே பொருந்தும் என அவர் வலியுறுத்தினார்.

எல்லா இடங்களிலும் கிளைகள் சுருங்குவதில்லை. அச்சத்தைக் கையாளும் அமிக்டலாவில், நீடித்த அழுத்தத்தால் நரம்பணுக்களின் கிளைகள் பெருகுகின்றன என்பதைப் பெங்களூரு தேசிய உயிரியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜியின் குழு 2002இல் கண்டறிந்தது. நினைவுக்கான பகுதி ஒடுங்க, அச்சத்துக்கான பகுதி விரிகிறது.

உடலைக் காக்கும் இதே எதிர்வினை அடிக்கடி தூண்டப்பட்டாலும், தேவை முடிந்தும் அடங்காவிட்டாலும் உண்டாகும் தேய்மானத்துக்கு மெக்யூவனும் எலியட் ஸ்டெல்லாரும் 1993இல் ‘அலோஸ்டாட்டிக் லோட்’ என்று பெயரிட்டனர். குருதியழுத்தம், சர்க்கரை, இடுப்புக் கொழுப்பு எனத் தனித்தனியே பார்க்கப்பட்டவற்றை அது ஒரே கணக்கில் கொண்டுவந்தது.

மீளும் திறனுக்கும் எல்லை உண்டு. தேர்வுக்குத் தயாராகி அழுத்தத்தில் இருந்த மருத்துவ மாணவர்களிடம் கவனத்தை மாற்றும் திறன் குன்றியிருந்ததையும், அழுத்தம் தணிந்த ஒரு மாதத்தில் அது சீரானதையும் மெக்யூவன் பங்கேற்ற 2009ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. மறு ஆண்டு எலிகளில் செய்த ஆய்வில், அழுத்தத்தால் சுருங்கிய, நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் புறணியின் நரம்பணுக் கிளைகள் இளம் எலிகளுக்கு மீண்டும் வளர்ந்தன. நடுவயது எலிகளுக்கும் முதிய எலிகளுக்கும் வளரவில்லை.