முதல் விண்மீன் வீடியோவை எப்படிப் பார்ப்பது?

முதல் விண்மீன்கள் பிறக்கும் வீடியோ எப்போது பரவினாலும், "இது டெலஸ்கோப்பில் எடுத்ததா?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். இல்லை, சூப்பர் கம்ப்யூட்டர் போட்ட கணக்கு. ஊதாவும் ஆரஞ்சும் வாயுவின் அடர்த்தி, வெப்பநிலை எண்களுக்கு அந்தக் கணக்கைப் படமாக்கும் எங்களைப் போன்றவர்கள் ஏற்றிய நிறங்கள். ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டும், கண்ணுக்கே தெரியாத கரும்பொருளுக்குக்கூட (dark matter) ஒரு நிறம் கொடுத்துவிடுவோம்!

அதற்காகக் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். கணக்கின் தொடக்கம் வானத்தில் அளந்தது. பெருவெடிப்புக்குச் சுமார் 3,80,000 ஆண்டுகள் கழித்துக் கிளம்பிய ஒளி இன்றும் நுண்ணலையாக வந்துகொண்டிருக்கிறது. அதில் இடத்துக்கு இடம் லட்சத்தில் ஒரு பங்கு அளவே ஏற்றத்தாழ்வு. அதைக் கணினியில் கொடுத்து ஈர்ப்பை ஓடவிட்டால், கரும்பொருள் இழையிழையாகத் திரண்டு ஆங்காங்கே முடிச்சு விழும்.

சிக்கல் வாயுவில்தான். முடிச்சுக்குள் விழுந்த வாயு விண்மீனாகச் சுருங்க, முதலில் சூடு தணிய வேண்டும். கார்பன், தூசு எதுவும் அன்றைக்கு இல்லை. இருந்தது கொஞ்சநஞ்ச ஹைட்ரஜன் மூலக்கூறு. அது சுமார் 200 கெல்வின் (மைனஸ் 73 டிகிரி செல்சியஸ்) வரைதான் குளிர்விக்கும். டாம் ஏபெல், கிரெக் பிரையன், மைக்கேல் நார்மன் மூவரும் 2002-ல் வெளியிட்ட கணக்கில், ஒரு முடிச்சில் ஒரே ஒரு பெரிய விண்மீன் உருவாவதாகத் தெரிந்தது. ஆனால் அடர்த்தி ஏற ஏற, கணினி எடுத்துவைக்கும் காலஅடி, அதாவது ஒரு தடவையில் அது முன்னே நகரும் நேரம், சுருங்கிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் கணக்கு நகராது. 2011-ல் வேறொரு குழு, அடர்ந்த மையத்தை ஒரு தனித் துகளாக மாற்றிவிட்டு மேலே ஓட்டியது. அதைச் சுற்றியிருந்த வாயு வட்டு உடைந்து பல விண்மீன்களாகிவிட்டது.

விண்மீன் மண்டலம் (கேலக்ஸி) முழுவதையும் கணக்கிடுவது என்றால் இன்னும் சமரசம். விண்மீன் மண்டலங்கள் உருவாவதைக் கணக்கிட்ட இல்லஸ்ட்ரிஸ் டிஎன்ஜி-100 சிமுலேஷனில் வாயுவின் ஒரு அலகே சுமார் 14 லட்சம் சூரிய நிறை. அதற்குள் தனி விண்மீன் எப்படித் தெரியும்? விண்மீன் பிறப்பும் வெடிப்பும் வாய்பாடுகளாக எழுதப்படுகின்றன. அவற்றின் எண்கள் இன்றைய விண்மீன் மண்டலங்களோடு ஒத்துப்போகும்படி திருகப்படுகின்றன.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எதிர்பார்த்ததைவிட அதிகமான பிரகாசமான ஆதி விண்மீன் மண்டலங்களைக் கண்டதும், "பெருவெடிப்புக் கொள்கை சரிந்தது" என்று சிலர் எழுதினார்கள். அவசரம்! முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த வாய்பாடுகளைத்தான். அடுத்த வீடியோவைப் பகிருமுன் அதன் விளக்கக் குறிப்பில், கணக்கின் மிகச்சிறிய துகளின் அல்லது அலகின் நிறை என்ன என்று தேடிப் பாருங்கள். அந்த எண் தராத வீடியோவை நான் வகுப்பில் காட்டுவதில்லை.