அந்த பிசியோ அறை யாருடையது?

முழங்கால் வலி, இடுப்பு வலி என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எலும்பு டாக்டரைப் பார்க்கப் போகிற நம்மவர்கள் பெரும்பாலும் ஒரு சீட்டோடுதான் வெளியே வருவார்கள்: பிசியோதெரபி, இத்தனை முறை. சில இடங்களில் அந்தச் சீட்டோடு தெருவில்கூட இறங்க வேண்டாம். வரவேற்பில் இருக்கும் பெண்ணே எழுந்து, "பக்கத்து ரூம்தான் ஆன்ட்டி, வாங்க" என்று கூட்டிக்கொண்டு போய்விடுவார். நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வர்த் பகுதியின் மேட்டுத் தெருக்களில் முழங்கால் வலியோடு ஏறி இறங்குகிறவர்களுக்கு அது பெரிய வசதி, மறுக்கவில்லை. பக்கத்து அறையில் வரும் காசு யார் கணக்கில் சேர்கிறது என்பதை மட்டும் ஆன்ட்டியிடம் யாரும் சொல்வதில்லை.

நான் பிசியோதெரபிஸ்ட். டாக்டர்களே பிசியோ நடத்தினால் என்னிடம் வருகிற கூட்டம் குறையும். அதனால் நான் நடுநிலை ஆள் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

தைப்பூசக் காவடி எடுக்க வேண்டும் என்ற ஒரே ஆசையோடு ஓர் அங்கிள் என்னிடம் வந்தார். மூட்டுத் தேய்மானம். டாக்டருடைய இடத்திலேயே பல வாரம் பிசியோ முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார். மெடிக்கல் எய்டில், அதாவது மருத்துவக் காப்பீட்டில், இந்த மாதிரிச் செலவுக்கென்று ஒதுக்கும் சேவிங்ஸ் தொகை காலி. என்ன செய்தார்கள் என்று கேட்டேன். "சூடு வச்சாங்க, ஜெல் தடவி மிஷின் ஓட்டினாங்க, கரண்ட் வச்சாங்க. நல்லா இதமா இருந்துச்சு" என்றார். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொன்னேன். முடியவில்லை. தொடைத் தசை அவ்வளவு மெலிந்திருந்தது. வீட்டில் செய்ய ஒரு பயிற்சிகூட யாரும் சொல்லித் தரவில்லை.

மூட்டுத் தேய்மானத்துக்கு உடற்பயிற்சிதான் முதல் மருந்து. அல்ட்ராசவுண்ட் (ஜெல் தடவி ஓட்டும் ஒலியலை மிஷின்), டென்ஸ் (தோல்மேல் வைக்கும் லேசான கரண்ட்) போன்ற மின்கருவிச் சிகிச்சைகளுக்குப் போதுமான ஆதாரம் இல்லை, கொடுக்க வேண்டாம் என்று, சிகிச்சை வழிகாட்டிகள் வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லிவிட்டது. பிறகு ஏன் மிஷின் ஓய்வதில்லை? மிஷினை மாட்டிவிட்டுத் திரையை இழுத்துவிட்டால் பிசியோ அடுத்த கட்டிலுக்குப் போகலாம். ஒரே நேரத்தில் மூன்று பேரைக்கூடப் பார்த்துவிடலாம். பயிற்சி சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் பக்கத்திலேயே நிற்க வேண்டும், முட்டி உள்பக்கம் வளைகிறதா என்று பார்க்க வேண்டும், பயந்தால் தைரியம் சொல்ல வேண்டும். நேரம் அதிகம், வரும்படி குறைவு. இந்தக் கணக்கு எந்த முதலாளிக்கும் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் என் இடம் சரியில்லை என்று தோன்றினால் டாக்டர் உங்களை வேறு இடத்துக்கு அனுப்பலாம். டாக்டரே முதலாளி என்றால், அப்படிச் சொல்ல வேண்டிய ஆளுக்கே அதில் நஷ்டம்.

அமெரிக்காவில் இந்தச் சண்டை பழையது. தனக்குப் பணப் பங்கு உள்ள இடத்துக்கு டாக்டர் நோயாளியை அனுப்புவதைத் தடுக்க அங்கே 1989-இல் வந்த ஸ்டார்க் சட்டம் முதலில் இரத்தப் பரிசோதனைக் கூடங்களைத்தான் பிடித்தது. 1993-இல் பிசியோதெரபியையும் சேர்த்தார்கள். ஆனால் டாக்டரின் சொந்த இடத்துக்குள்ளேயே நடந்தால் விலக்கு என்று ஓர் ஓட்டையும் விட்டுவைத்தார்கள். கலிபோர்னியாவில் தொழிலாளர் காப்பீட்டு நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 1992-இல் வெளியானது: பிசியோ நிலையத்தில் பங்கு வைத்திருந்த டாக்டர்கள், பங்கு இல்லாதவர்களைவிட 2.3 மடங்கு அதிகமாகப் பிசியோவுக்கு எழுதியிருந்தார்கள். 2014-இல் அமெரிக்க அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகம் மெடிகேர் என்ற முதியோருக்கான அரசுக் காப்பீட்டின் கணக்கைப் பார்த்தபோது படம் கொஞ்சம் மாறியது. சொந்த இடத்துக்கு அனுப்பும் டாக்டர்கள் அதிகம் பேரை அனுப்பினார்கள். ஆனால் ஆளுக்குக் கொடுத்த சிகிச்சை பொதுவாகக் குறைவு. எங்கள் தொழில்காரர்கள் முதல் ஆய்வை மேடை போட்டுச் சொல்வார்கள், இரண்டாவதை விழுங்கிவிடுவார்கள். எனக்கு இரண்டும் ஒன்றையே காட்டுவதாகத் தோன்றுகிறது: தேவைப்படாதவர்களும் உள்ளே வருகிறார்கள், தேவைப்படுகிறவர்களுக்குப் போதுமான அளவு கிடைக்காமலும் போகலாம்.

இங்கே தென்னாப்பிரிக்காவில் டாக்டர்களையும் பிசியோக்களையும் பதிவு செய்து கண்காணிக்கும் எச்.பி.சி.எஸ்.ஏ. கவுன்சிலின் 2006 நெறிமுறை விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. மருத்துவமனையிலோ வேறு சிகிச்சை நிறுவனத்திலோ டாக்டருக்குப் பங்கு இருக்கலாம். ஆனால் காத்திருக்கும் அறையில் கண்ணில் படும்படி அறிவிப்பு வைக்க வேண்டும், நோயாளியிடம் வாயாலும் சொல்ல வேண்டும். எத்தனை பேரை அனுப்பினார் என்பதை வைத்து லாபம் பிரிக்கக்கூடாது. வேலையில் உரிய பங்கு எடுக்காதவரோடு கட்டணத்தைப் பங்கு போடக்கூடாது. விதி இருக்கிறது, அந்த அறிவிப்புப் பலகையை நீங்கள் கடைசியாக எங்கே பார்த்தீர்கள்?

சில வருஷங்களுக்கு முன் ஒரு டாக்டர் குழுவிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். நல்ல அறை, புதுக் கட்டில்கள். வாடகை எவ்வளவு என்று கேட்டேன். "வாடகையெல்லாம் வேண்டாம், உங்க பில்லில் இத்தனை சதவீதம்" என்றார்கள். சிரித்த முகத்தோடுதான் சொன்னார்கள். பேர் என்னவாக இருந்தாலும் அது ஆள் அனுப்புவதற்கான கமிஷன்தான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த அறை காலியாக இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நியாயமாகப் பார்த்தால் டாக்டர்களை மட்டும் கூண்டில் ஏற்ற முடியாது. முன்னாள் தலைமை நீதிபதி சாண்டிலே இங்கோபோ தலைமையில் தனியார் மருத்துவச் சந்தையை ஆராய்ந்த குழு 2019-இல் இறுதி அறிக்கை கொடுத்தது. ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனியாகக் காசு என்ற முறையே தேவைக்கு மேல் சிகிச்சையைத் தூண்டுகிறது என்று அது சொன்னது. அந்த முறையில்தான் நானும் பில் போடுகிறேன்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? இந்த நாட்டில் பிசியோவைப் பார்க்க டாக்டர் சீட்டு கட்டாயம் இல்லை, நேராகவே போகலாம். சில மெடிக்கல் எய்டு திட்டங்கள் சீட்டு கேட்கும். ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டப்படி மாதக் கட்டணத்தில் 25 சதவீதத்துக்கு மேல் சேவிங்ஸுக்கு ஒதுக்க முடியாது, சிறிய பைதான் அது; வருஷ நடுவிலேயே தீர்ந்துவிட்டால் கண்ணுக்கும் பல்லுக்கும் கைக்காசுதான். டாக்டரிடம் "இதில் உங்களுக்குப் பங்கு இருக்கிறதா, வேறு இடத்துக்குப் போகலாமா?" என்று கேட்பது தவறில்லை. பெரியவர்கள் "டாக்டர் கோவிச்சுக்குவாரு" என்று தயங்குவார்கள். கூடப் போகும் மகனோ மருமகளோ கேட்கட்டும். பில்லில் யாருடைய பெயர், யாருடைய ப்ராக்டிஸ் நம்பர் (பில் போடுகிறவரின் பதிவு எண்) என்று பாருங்கள். சிகிச்சை கொடுத்தவர் ஒருவர், நம்பர் இன்னொருவருடையது என்றால் விளக்கம் கேளுங்கள். மறைமுகப் பங்கு பில்லில் தெரியாது, அதற்கு வாய்விட்டுக் கேட்பதைத் தவிர வழியில்லை. நாலைந்து முறை போன பிறகு, முதல் நாள் முடியாதது எது இப்போது முடிகிறது என்று பிசியோவிடமே கேளுங்கள். எத்தனை படி ஏறுகிறீர்கள், முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று அவர் குறித்து வைத்திருக்க வேண்டும்.

புதிதாக வேலைக்குச் சேரும் இளம் பிசியோக்களுக்கும் ஒன்று. ஒப்பந்தத்தில் மாதம் இத்தனை நோயாளிகள், ஆளுக்கு இத்தனை முறை என்று இலக்கு எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தப் பக்கத்தை ஒரு நகல் எடுத்து, இது விதிப்படி செல்லுமா என்று பிரிட்டோரியாவில் உள்ள கவுன்சிலுக்கு எழுதிக் கேளுங்கள். பதிவு உங்கள் பெயரில் இருக்கிறது. விசாரணை வந்தால் கடிதமும் உங்கள் பெயருக்குத்தான் வரும்.