ஸ்பிட்டிக்குப் போகுமுன் பின் சக்கரத்தைக் கழற்றிக் காட்டுங்கள்

மே மாதம் பிறந்ததும் என் பட்டறைக்கு வரும் வண்டிகளின் தோற்றம் மாறிவிடும். இருபுறமும் பெட்டி, முன்னால் கூடுதல் விளக்கு, இன்ஜினைச் சுற்றிப் பட்டை பட்டையாகக் கம்பி, கைப்பிடியில் வண்ணக் கொடி. "அண்ணா, ஸ்பிட்டி போகிறோம், வண்டியை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்" என்பார்கள். ஸ்பிட்டி, இமாசலப் பிரதேசத்தில் இமயமலைக்குள் இருக்கும் பள்ளத்தாக்கு. நான் விளக்கைப் பார்ப்பதில்லை. டயரை நெம்பிக் கழற்றும் இரண்டு லிவரை எடுத்துக் கையில் கொடுத்து, "பின் சக்கரத்தைக் கழற்றி, டியூபை வெளியே எடுத்து, மறுபடி மாட்டிக் காட்டு தம்பி" என்பேன். சிலருக்குச் சிரிப்பு வரும், சிலருக்குக் கோபம் வரும். காசு கொடுத்து வேலை செய்துகொள்ள வந்தவனிடம் வேலை வாங்கினால் யாருக்குத்தான் வராது?

எனக்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பாதையில் நானே அவமானப்பட்டவன். மணாலியிலிருந்து அடல் சுரங்கத்தைக் கடந்து, கிராம்பூவில் திரும்பி, சத்ரூ, பாதல் வழியாகக் குன்சும் கணவாய் ஏறினால் அந்தப் பக்கம் ஸ்பிட்டி. கிராம்பூவிலிருந்து கணவாய் வரை சுமார் 60 கிலோமீட்டர். ஆற்றுப்படுகையில் ஓட்டுவதுபோல் உருண்டைக் கற்கள், நடுநடுவே சாலையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடும் பனியுருகு நீர். முதல் முறை போனபோது, மெக்கானிக் என்ற திமிரில், பிடிமானம் கிடைக்கட்டும் என்று பின் டயரில் காற்றை 15 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கிவிட்டேன். வண்டியின் முதுகில் 30 கிலோ சாமான் வேறு. சத்ரூவைத் தாண்டி ஒரு கல்லில் இடித்ததும் டயர் ரிம்மோடு நசுங்கி, நடுவில் மாட்டிய டியூபில் பாம்பு கடித்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை. பட்டறையில் இருபது நிமிட வேலை. அங்கே இரண்டு மணி நேரம் ஆனது. விரல் மரத்துவிட்டது, நான்கு முறை லிவரை அழுத்தினால் மூச்சு வாங்குகிறது, மாற்று டியூபையும் அவசரத்தில் நானே லிவரால் கடித்துவிட்டேன். அதை ஒட்டுவதற்குப் பசை காயவில்லை. சென்னையில் தெருமுனைக்குத் தெருமுனை தொங்கும் பழைய டயரை அன்று நினைத்துக்கொண்டேன்.

அதனால் இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி டயரைப் பற்றித்தான்.

முதல் கேள்வி எப்போதும் பட்டன் டயர் போடலாமா என்பது. மண், சேறு, சரளை இவற்றில் பெரிய கட்டைகள் வைத்த அந்த டயர் நன்றாகப் பிடிக்கும், மறுப்பில்லை. ஆனால் சென்னையிலிருந்து மணாலி சுமார் 2,700 கிலோமீட்டர். சூடான நான்கு வழிச்சாலையில் சாமானோடு 90-ல் அழுத்திப் போனால் பின் டயரின் கட்டைகள் நடுப்பகுதியில் தேய்ந்து, கற்பாதை தொடங்கும் இடத்தில் பாதி டயர்தான் மிச்சமிருக்கும். ஈரமான மலைப்பாதையில் பிரேக் பிடித்தால் சாலையைத் தொடும் ரப்பர் குறைவு என்பதால் வழுக்கலும் அதிகம். போகும் முறையை முடிவு செய்யாமல் டயரை முடிவு செய்யாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். வழி முழுக்க ஓட்டிப்போகிறவருக்குத் தார்ச்சாலைக்கும் மண்ணுக்கும் பாதிப்பாதி பொருந்தும் டயரே சரி. வண்டியை ரயிலில் ஏற்றுகிறவர் வேண்டுமானால் பட்டன் டயரைப் பற்றி யோசிக்கலாம்.

புது டயரைப் புறப்படுவதற்கு முந்தின நாள் மாட்டிக்கொண்டு வராதீர்கள். வார்ப்பச்சிலிருந்து வந்த வழவழப்பு போக முதல் 150 கிலோமீட்டராவது நிதானமாக ஓட்டவேண்டும். வாங்கும்போது பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. கடை விளக்கில் பளபளவென்று தெரியும் டயர் ஐந்தாறு வருடம் பரணில் கிடந்ததாக இருக்கலாம். ரப்பர் இறுகியிருக்கும், கல்லைப் பிடிக்காது. பக்கத்திலேயே 120/90-17 64எஸ் என்பதுபோல் எழுதியிருக்கும். அந்த 64 என்பது 280 கிலோ சுமையைக் குறிக்கும், எஸ் என்பது மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தை. அகலமான டயர் போட்டால் கம்பீரமாக இருக்கும் என்று அளவை மாற்றுகிறவர்களிடம் நான் வாதாடுவதை விட்டுவிட்டேன். செயினில் உரசி, அவர்களே திரும்பி வருவார்கள்.

டியூப் இல்லாத டயர் வைத்த வண்டிக்காரர்கள் நிம்மதியாகச் சிரிக்கவேண்டாம். ஆணி குத்தினால் உங்களுக்கு ஓட்டையில் செருகும் ரப்பர் தக்கை போதும், ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம். அலாய் சக்கரத்தின் விளிம்பு கல்லில் வளைந்தாலோ விரிந்தாலோ தக்கை எதற்கும் உதவாது. உங்கள் அளவுக்கு ஒரு டியூபும் பையில் இருக்கட்டும். ஹிமாலயன் 411, எக்ஸ்பல்ஸ் போன்ற கம்பிச் சக்கர வண்டிகளில் முன்னால் 21 அங்குலம், பின்னால் 17 அல்லது 18. இடமில்லை, ஒரே டியூப்தான் என்றால் 21 அங்குல டியூபை எடுங்கள். அவசரத்துக்குப் பின் சக்கரத்திலும் மடிந்து உட்காரும், ஊர் போய்ச் சேர்க்கும். சின்ன டியூபை இழுத்துப் பெரிய சக்கரத்தில் போட முடியாது.

இன்னொரு சின்ன விஷயம். வால்வின் கழுத்தில் இருக்கும் நட்டை ரிம்மோடு இறுக்காதீர்கள், மேலே ஏற்றி மூடியோடு சேர்த்து வையுங்கள். காற்றுக் குறைந்த டயர் ரிம்மில் நகர்ந்தால் டியூபும் கூடவே நகரும். நட்டு இறுக்கியிருந்தால் வால்வு அடியோடு பிய்ந்துவிடும், அதை எந்தப் பசையாலும் ஒட்ட முடியாது. தளர்வாக இருந்தால் வால்வு சாய்ந்து நின்று உங்களுக்குத் தகவல் சொல்லும்.

காற்று அளவுக்கு வருவோம். இங்கேதான் படித்தவர்களும் குழம்புகிறார்கள். சென்னையில் 35 டிகிரி வெயிலில் 30 பிஎஸ்ஐ அடித்துவிட்டு அப்படியே குன்சும் ஏறினால் அங்கே எவ்வளவு காட்டும்? கணவாய் 4,500 மீட்டருக்கு மேல். வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் 14.7 என்றால் அங்கே எட்டு சொச்சம்தான். நம் அளவுமானி உள்ளே வெளியே வித்தியாசத்தைக் காட்டும் கருவி, ஆகவே அது ஆறு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். ஆனால் அதிகாலையில் உறைநிலைக் குளிர், அதனால் ஐந்து குறையும். இரண்டும் கழிந்து ஏறக்குறைய பழைய எண்ணே வரும். "பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை" என்று விட்டுவிடுவார்கள். மதிய வெயில் ஏறியதும் அதே டயர் 35, 36 என்று கல்லாக இறுகி, ஒவ்வொரு கல்லிலும் வண்டியைத் தூக்கிப் போடும். அப்போது எரிச்சலில் காற்றைத் திறந்துவிடுவார்கள். மணாலி இறங்கும்போது வெளியழுத்தம் கூடுவதால் மட்டும் மூன்று பிஎஸ்ஐ போயிருக்கும். அதைப் பார்க்காமல் தார்ச்சாலையில் 80-ல் போனால் டயர் சூடேறி டியூப் கிழியும். எனக்கு வரும் கிழிந்த டியூபுகளில் மலையில் கிழிந்ததைவிட மலையிறங்கிக் கிழிந்ததே அதிகம்.

ஆகவே தினமும் காலையில், வண்டி நகர்வதற்கு முன், சொந்த அளவுமானியில் பாருங்கள். கற்பாதைக்குக் கையேட்டு அளவிலிருந்து நாலைந்து குறைத்தால் போதும். சாமான் ஏற்றிய டியூப் டயரில் 20-க்குக் கீழே இறங்கவேண்டாம். தார்ச்சாலை வந்ததும் மறுபடி அடிக்கவேண்டும், அதற்கு ஒரு சின்னப் பம்பு வேண்டும். பேட்டரியில் ஓடுவது நல்லது. கைப்பம்பு ஏமாற்றாது, மூச்சைத்தான் வாங்கும்.

வண்டியை ரயிலில் அனுப்புகிறவர்களுக்கு: பெட்ரோல் தொட்டியைச் சுத்தமாகக் காலி செய்யாமல் பார்சல் அலுவலகத்தில் எடுக்கமாட்டார்கள். ஆர்சி நகல், அடையாள அட்டை நகல் கையில் இருக்கட்டும். கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு, தொட்டிக்கும் பிரேக், கிளட்ச் லிவர்களுக்கும் கெட்டியாகச் சாக்குச் சுற்றச் சொல்லுங்கள். உங்கள் டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிவு செய்தால் அதே ரயிலில் வர வாய்ப்பு அதிகம். பார்சலாகப் போட்டால் இடம் கிடைக்கும் ரயிலில்தான் ஏறும். நடுவழி நிலையங்களில் ஏற்றி இறக்கும் யோசனை வேண்டாம், ரயில் புறப்படும் ஊரிலிருந்து முடியும் ஊருக்குப் போடுங்கள். எப்படிப் போட்டாலும் டெல்லியில் ஒருநாள் சும்மா இருக்கும்படி திட்டமிடுங்கள். அந்த ஒருநாளை மிச்சம் பிடிக்கிறவர்கள் பிறகு மலையில் இரவு நேரத்தில் ஓட்டுகிறார்கள்.

வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மணாலி இரண்டாயிரம் மீட்டர், குன்சும் அருகே இருக்கும் சந்திரதால் ஏரி நாலாயிரத்துச் சொச்சம். ஒரே நாளில் ஏறி அங்கே கூடாரத்தில் படுப்பது உடம்புக்குச் செய்யும் துரோகம். தலைவலி, வாந்தி என்றால் மேலே ஏறாதீர்கள். குறையாவிட்டால் இறங்குங்கள். மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், மெக்கானிக்கிடம் கேட்கிறவர்களும் உண்டு. நான் சொல்வது சிம்லா, கல்பா, நாக்கோ வழியாகச் சுற்றி, ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காஸா போய், குன்சும் வழியாக மணாலியில் இறங்கும் பாதை. உயரம் படிப்படியாகப் பழகும், மோசமான கற்பாதை வருவதற்குள் கையும் வண்டியும் ஒன்றுக்கொன்று பழகியிருக்கும். காஸாவை விட்டால் மணாலிப் பக்கம் இறங்கும்வரை பங்க் இல்லை என்று கணக்கு வைத்துக்கொண்டு தொட்டியை நிரப்புங்கள். அந்த உயரத்தில் இன்ஜின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சக்தியை இழந்திருக்கும். வண்டி கெட்டுவிட்டது என்று பதறி எதையும் திருகவேண்டாம்.

ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். வெயில் ஏற ஏறப் பனி உருகி, காலையில் கணுக்கால் அளவு ஓடிய நீர் மாலையில் முழங்காலுக்கு வரும். சந்தேகமாக இருந்தால் இறங்கி நடந்து பார்த்துவிட்டு, முதல் கியரில், திராட்டிலை விடாமல் போங்கள். நடுவில் விழுந்து இன்ஜின் தண்ணீர் குடித்திருந்தால் பட்டனை அழுத்தாதீர்கள். கரைக்குத் தள்ளி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான். இதற்கெல்லாம் பழக நம் ஊர்க் காட்டுக்குள் நுழையவேண்டாம். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் ஓட்டுவது குற்றம். தெரிந்தவர் நிலத்தில் அனுமதி கேட்டு, கால்மிதியில் நின்றபடி ஓட்டிப் பழகுங்கள். விழுந்த வண்டியைச் சாமானோடு தூக்கியும் பாருங்கள். ஹிமாலயன் 200 கிலோவுக்கு ஒட்டி வரும், அதற்கு மேல் உங்கள் பெட்டிகள். தூக்கிப் பார்த்தவர்கள் மறுநாளே பாதிச் சாமானை வீட்டில் வைத்துவிடுகிறார்கள்.

போன வருடம் ஒரு பெண் வந்தார், வங்கி வேலை, தனியாகப் போகிறார். என் நிபந்தனையைக் கேட்டதும் கையுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார். முதல் நாள் ஒரு மணி நாற்பது நிமிடம், ஒரு டியூப் சேதம். டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பிரிக்க, இன்னொரு வண்டியின் சைடு ஸ்டாண்டை அதன்மேல் வைத்து அழுத்தும் வித்தையைக் காட்டிக் கொடுத்தேன். மூன்றாவது ஞாயிறு முப்பத்தைந்து நிமிடத்தில் முடித்தார். திரும்பி வந்தபோது அவர் டயரில் ஒரு கீறல்கூட இல்லை. பாதலுக்கு முன்னால், விளக்கும் பெட்டியுமாக நின்றிருந்த நான்கு பேருக்கு டியூப் மாற்றிக் கொடுத்ததாகச் சொன்னார். அவர்களுக்கு இன்னும் வழி பாக்கியிருந்ததால் லிவர்களையும் அங்கேயே கொடுத்துவிட்டாராம்.

அவை என்னுடைய லிவர்கள்.