கொரியாக்காரர் கேட்டு முடித்த பிறகு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் 22 வருடம் ஆங்கிலம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது கொரியாவுக்கு ஆங்கில ஆசிரியராகப் போக நினைக்கும் நம் பிள்ளைகளை நேர்காணலுக்குத் தயார் செய்கிறேன். தென்கொரியாவின் ஈ-2 விசா, அதாவது மொழி ஆசிரியர்களுக்கான விசா, ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்களில் பொதுவாக ஏழு நாட்டுக்காரர்களுக்குத்தான். அதில் தென்னாப்பிரிக்காவும் உண்டு. பட்டமும் வேண்டும்.

போன மாதம் ஒரு பெண்ணுக்கு வீடியோவில் நேர்காணல். இங்கே காலை 8 மணி, அங்கே பிற்பகல் 3. கேமராவுக்குத் தெரியாமல் நானும் பக்கத்தில் இருந்தேன். (செய்யக்கூடாதுதான்.)

"நீங்கள் இந்தியரா?" என்று முதலில் கேட்டார்கள். முகத்தையும் பெயரையும் பார்த்துக் கேட்பது எனக்குப் பிடிக்காது, ஆனால் கேட்பார்கள். "என் மூதாதையர் 1860க்குப் பிறகு கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்கள். வீட்டில் பேசுவதே ஆங்கிலம்தான்" என்றாள். போதும். ஆங்கில வழியில் படித்ததற்குப் பள்ளியில் கடிதம் வாங்கிவைத்திருந்தாள்.

அடுத்தது, "ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு திஸ், தட் எப்படிச் சொல்லித்தருவீர்கள்?" இலக்கணத்தில் ஆரம்பித்துவிட்டாள். இரண்டு நிமிடமாகியும் முடிந்தபாடில்லை. மேசையிலிருந்த எலுமிச்சம்பழத்தை அவள் பக்கம் உருட்டிவிட்டேன். பிடித்துக்கொண்டாள். கையில் வைத்து "திஸ்", சோபாவில் எறிந்துவிட்டு விரல் நீட்டி "தட்". திரையில் கேள்வி கேட்ட அம்மாள் அப்போதுதான் சிரித்தார்.

கடைசியில், "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார். இவள், "நோ, தேங்க் யூ."

தலையில் அடித்துக்கொண்டேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். "கேட்டால் வேலை போய்விடாதா, ஆண்டி?" என்கிறார்கள். போகட்டுமே. ஒப்பந்தம் 12 மாதமா, 11 மாதமா என்று கேளுங்கள். ஓர் ஆண்டு முழுதாக வேலை பார்த்தால் ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடை தரவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அதைத் தப்பிக்கத்தான் சில தனியார் டியூஷன் பள்ளிகள் 11 மாதத்துக்கு எழுதுகின்றன. வகுப்பெடுப்பது எத்தனை மணி நேரம், பள்ளியில் இருக்கவேண்டியது எத்தனை மணி நேரம், தரும் வீடு தனி வீடா என்றும் கேளுங்கள். இப்போது அங்கே வேலை செய்யும் ஒரு வெளிநாட்டு ஆசிரியரோடு பேச முடியுமா என்றும் கேட்டுவிடுங்கள். ஈ-2 விசா அந்தப் பள்ளியோடு கட்டப்பட்டது. போனபின் பிடிக்காவிட்டால், அவர்கள் விடுவிப்புக் கடிதம் தராமல் வேறிடம் மாறுவது பெரும்பாடு.

"டூரிஸ்டாக வாருங்கள், விசாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

போலீஸ் சான்றிதழும் அதற்கான அப்போஸ்டிலும் (வெளிநாட்டில் செல்லும்படி அரசு வைத்துத் தரும் முத்திரை) வாரக்கணக்கில் இழுக்கும். அந்த வேலையை நேர்காணலுக்கு முன்பே தொடங்குங்கள்.

சரி, அந்தப் பெண் அன்று சாயங்காலமே ஈமெயிலில் எல்லாவற்றையும் கேட்டாள். பதில் வந்தது: 11 மாதம்தானாம். வேண்டாம் என்று எழுதிவிட்டாள். வியாழக்கிழமை வேறொரு பள்ளி. கேள்விகளைத் துண்டுத்தாளில் எழுதி லேப்டாப் ஓரத்தில் ஒட்டிவைத்திருக்கிறாள்.