இரவில் ஏற்றும் தரவு விடியும்வரை முடியாதது ஏன்?

பினாங்கு பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: சோதனை இயந்திரங்கள் பகல் முழுவதும் பதிந்த அளவீடுகளை இரவில் தரவுக் கிடங்கில் ஏற்றும் வேலை முன்பு நள்ளிரவுக்குள் முடிந்துவிடும், இப்போது காலை ஷிப்ட் ஆட்கள் வரும்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. அன்றாடம் வரும் தரவின் அளவோ கூடவில்லை. சர்வர் பழசாகிவிட்டதா?

அட்டவணையின் ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியே கமிட் செய்வது, அதாவது வட்டில் எழுதி உறுதிசெய்வது, தாமதத்துக்குப் பொதுவான காரணம். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க்கில், ஒரு சுற்றுக்கு ஒரு கமிட் என்றால் 10 லட்சம் வரிசைகளுக்குச் சுமார் 2 மணி 19 நிமிடம் ஆகும். ஆனால் அது முதல் நாளிலிருந்தே இழுத்திருக்கும். நாளாக நாளாக மெதுவாகிறது என்றால் இண்டெக்ஸைத்தான், அதாவது விரைவாகத் தேடத் தரவுத்தளம் வரிசைப்படுத்தி வைத்திருக்கும் பட்டியலைத்தான், சந்தேகிக்க வேண்டும்.

கல்யாண மண்டபத்தில் மொய் எழுதுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். வந்த வரிசையில் எழுதினால் பேனா நிற்காது. அகர வரிசை கலையாமல் எழுதச் சொன்னால், ஒவ்வொரு பெயருக்கும் உரிய பக்கத்தைத் தேட வேண்டும். பக்கம் நிரம்பியிருந்தால் பாதிப் பெயர்களைப் புதுத் தாளுக்கு மாற்ற வேண்டும். பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கிய அதே 1972இல், போயிங் ஆய்வகத்தின் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்கிரைட்டும் கட்டுரையாக வெளியிட்ட பி-மரம் என்னும் இண்டெக்ஸ் அமைப்பு செய்வதும் இதைத்தான். பி எதைக் குறிக்கிறது என்பதை அவர்கள் அதில் விளக்கவே இல்லை.

போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளில் இம்மரத்தின் ஒரு பக்கம் வழக்கமாக 8 கிலோபைட். இண்டெக்ஸில் சேர்வது ஏறிக்கொண்டே போகும் எண்ணானால், புதியவை அனைத்தும் வலது ஓரப் பக்கத்திலேயே விழும். ஒழுங்கற்று வரும் சில்லு (சிப்) எண்ணானால், ஒவ்வொன்றும் வெவ்வேறு பக்கத்தைத் தேடிப் போகும். மரம் முழுவதும் நினைவகத்தில் அடங்கும்வரை இது வெளியே தெரியாது. அடங்காமல் போன பிறகோ, சில பைட்டுகளைச் சேர்ப்பதற்காக ஒரு முழுப் பக்கத்தை வட்டிலிருந்து எடுத்து, திருத்தி, திரும்ப எழுத வேண்டியிருக்கிறது.

சர்வரை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லும் நண்பர் எல்லா அலுவலகத்திலும் இருப்பார். வாசலில் எலுமிச்சம்பழம் கட்டுவதால் கெடுதல் ஏதும் இல்லை. ரீஸ்டார்ட்டோ தரவுத்தளம் நினைவகத்தில் சேர்த்து வைத்திருந்த பக்கங்களைத் துடைத்துவிடும்.

இண்டெக்ஸ் இல்லாத வெற்று அட்டவணையில் அதே கோப்பை ஏற்றி நேரத்தைக் குறியுங்கள். விரைந்து முடிந்தால் குற்றவாளி இண்டெக்ஸ். அங்கும் இழுத்தால் நெட்வொர்க்கையும் வட்டையும் பார்க்க வேண்டும். இண்டெக்ஸ்தான் என்றால், பெரிய அட்டவணையை நாள்வாரியாகப் பிரித்து, அன்றைய தரவைத் தனி அட்டவணையில் ஏற்றி, இண்டெக்ஸைக் கடைசியில் கட்டி, பிறகு இணைத்துவிடலாம். மண்டபம் காலியான பின் உட்கார்ந்து மொய் நோட்டை அகர வரிசைப்படுத்துவது போல, தரவுத்தளம் எல்லா எண்களையும் ஒரேயடியாக வரிசைப்படுத்தி, பக்கங்களை இடமிருந்து வலமாக நிரப்பிக்கொண்டே போகும். ஆனால் இப்படிப் பிரித்த அட்டவணையில், ஒரே சில்லு எண் இரு வேறு நாட்களில் வந்தால் போஸ்ட்கிரெஸ் தானாகத் தடுக்காது. அந்தச் சரிபார்ப்பை நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும்.